நிலவறைக்குள் ஏழாவது ஆள்

தமிழ் இலக்கணம் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அது தன்மையா, முன்னிலையா, படர்க்கையா என்று முதலில் பிரித்துப் பார்ப்பான். நிலவறைக்குள் இறங்கி ஆடும் பழைய கணினி ஆட்டங்களை ஆங்கிலத்தில் 'ஃபர்ஸ்ட் பெர்சன்' ஆட்டங்கள் என்கிறார்கள். அதாவது தன்மை. ஆடுகிறவரின் உருவம் திரையில் இருக்காது. அவர் கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் இருக்கும். எதிரே ஒரு தாழ்வாரம், இரு பக்கமும் சுவர், தூரத்தில் ஒரு கதவு. சரி, தன்மைதான். ஒருமையா, பன்மையா? 1981-ல் வந்த 'விஸார்ட்ரி'யில் அந்தத் தாழ்வாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஒருவர் அல்ல, ஆறு பேர். மூன்று பேர் முன்வரிசை, மூன்று பேர் பின்வரிசை. ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே ஜன்னல். ஆகவே தன்மைப் பன்மை. தமிழிலோ தன்மைப் பன்மை இரண்டாகப் பிரிகிறது. எதிரே நிற்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்'. அவரை வெளியே நிறுத்திவிட்டால் 'நாங்கள்'. ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல் மறைத்துவிடுகிற இந்த வித்தியாசம்தான் இந்த ஆட்டங்களுக்குள் நுழைய எனக்குக் கிடைத்த கதவு.

'இதுக்கெல்லாம் எதுக்கு விமர்சனம்?' என்று தோழர் ஒருவர் கேட்டார். நிலப் பிரச்சினைகளில் இருபது வருஷமாக அலைந்துகொண்டிருப்பவர். 'அமெரிக்காவுல வசதியான வீட்டுப் பசங்க பொழுதுபோக்குனது. பூதத்தக் கொல்லு, காச எடு, திரும்பி வா. இதுல வாசிக்க என்ன இருக்கு?' அவர் சொன்னதில் பாதி உண்மை. 1977-ல் வெளிவந்தபோது ஆப்பிள் 2 கணினியின் அடிமட்ட விலையே 1,298 டாலர். அந்த எந்திரத்தைச் சுற்றி நின்ற வர்க்கம் எது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பிரதி எந்த வர்க்கத்தின் வீட்டில் பிறந்தது என்று கண்டுபிடித்ததோடு வாசிப்பு முடிந்துவிடுவதாக நினைப்பது நம்மிடம் வெகுகாலமாக இருந்துவரும் சோம்பேறித்தனம். மறுபக்கம், இந்த ஆட்டங்களைக் கொண்டாடி எழுதுகிறவர்களில் பலர் தங்கள் பதின்வயதைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். ஆட்டம் ஒரு சாக்கு. எனக்கு அந்த ஏக்கம் கிடையாது. விஸார்ட்ரி வந்தபோது நான் பிறக்கவேயில்லை. பள்ளி நாட்களில் பிரவுசிங் சென்டரில் ஆடியதெல்லாம் ஓடி ஓடிச் சுடுகிற ஆட்டங்கள்தான். இரண்டு வருஷத்துக்கு முன் நண்பர் ஒருவர் தன் மடிக்கணினியில் பழைய ஆப்பிளைப் போல நடிக்கும் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார். ஆகவே 'மறுபடி பார்த்தல்' என்பது என் விஷயத்தில் பிந்தி வந்து முதல்தடவை பார்ப்பது. ஒரு சௌகரியம்: யாரையும் மன்னிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இவற்றின் தொடக்கம் கடையில் இல்லை, கல்விச்சாலையில் இருக்கிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துவதற்காக அமைத்த பிளேட்டோ என்ற கணினி வலையில், 1975-ல் ரஸ்டி ரூதர்ஃபோர்ட் என்பவர் ஒரு நிலவறை ஆட்டத்தை எழுதி வைத்தார். கோப்பின் பெயர் 'பெடிட்5'. வேறு வேலைக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் ஆட்டம் ஒளிந்திருப்பதை நிர்வாகம் கண்டுபிடித்து அழித்தது. அது மறுபடி முளைத்தது. (நம் சிறுபத்திரிகைகளின் வாழ்க்கை வரலாறு மாதிரி இருக்கிறதல்லவா.) 1977-ல் அதே வலையில் வந்த 'ஊப்லியெட்' தாழ்வாரத்தைக் கோட்டுச் சித்திரமாக உள்ளிருந்து காட்டியது. அந்தச் சொல் பிரெஞ்சு. மறத்தல் என்ற வினையிலிருந்து பிறந்தது. ஆளைத் தள்ளிவிட்டு மறந்துவிடுவதற்கான குழி. கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களான ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட் இருவரும் இந்தப் பரம்பரையை வீட்டுக் கணினிக்குள் கொண்டுவந்து சேர்த்ததுதான் விஸார்ட்ரி. சர்-டெக் நிறுவனம் வெளியிட்டது. கதை ஒரு வரி: ட்ரெபோர் என்கிற பைத்தியக்கார அதிபதியின் தாயத்தை வெர்ட்னா என்கிற மந்திரவாதி திருடிக்கொண்டு பூமிக்கடியில் போய்விட்டான், மீட்டு வா. ராபர்ட் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் ட்ரெபோர். ஆண்ட்ரூவைத் திருப்பினால் வெர்ட்னா. ஆசிரியர்கள் இருவரும் தங்களையே திருப்பிப் போட்டு ஒருவர் அரியணையிலும் ஒருவர் பாதாளத்திலும் உட்கார்ந்துகொண்டார்கள்.

பத்துத் தளங்கள். ஒவ்வொன்றும் இருபதுக்கு இருபது கட்டம். ஆகமொத்தம் 4,000 கட்டங்கள். திரையில் தெரிவதோ கோடுகளால் ஆன சின்ன ஜன்னல். எந்திரம் வரைபடம் எதையும் தராது. ஆடுகிறவர் கையில் கட்டம் போட்ட தாளும் பென்சிலும் இருந்தாக வேண்டும். ஒரு அடி வைத்தால் தாளில் ஒரு கட்டம். சுவர் இருந்தால் கோடு, கதவு இருந்தால் சின்னக் குறி. நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கிற கிராஃப் நோட்டு ஒன்று வாங்கினேன். முதல்நாள் இரவு மூன்று மணி நேரத்தில் வரைந்தது முப்பது கட்டம்கூட இருக்காது.

இங்கேதான் அந்த ஏழாவது ஆள் வருகிறார். ஆறு பேர் ஃப்ளாப்பிக்குள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாள் உண்டு, மந்திரம் உண்டு, வயதுகூட உண்டு. ஆனால் எங்கே நிற்கிறோம் என்ற நினைவு கிடையாது. அந்த நினைவு மேசையின் மேல், தாளில், ஏழாவது ஆளின் கையெழுத்தில் இருக்கிறது. ஆட்டத்தின் மிக முக்கியமான பகுதி ஆட்டத்துக்கு வெளியே இருக்கிறது என்று சொல்வது அலங்காரமல்ல, அதன் இயங்குமுறையே அதுதான். தாளை எடுத்துவிட்டால் பிரதி நகராது.

'ஆசிரியன் இறந்துவிட்டான், பிரதியை வாசகரே உற்பத்தி செய்கிறார்' என்று ரோலான் பார்த்தை முன்வைத்து தொண்ணூறுகளில் நம் பத்திரிகைகளில் நடந்த சண்டைகளைப் பழைய இதழ்களில் தேடிப் படித்து வளர்ந்தவன் நான். அந்தக் கட்டுரைகளில் வாசகர் எப்போதும் சுதந்திரமாகவே இருப்பார். அர்த்தங்களோடு விளையாடுவார், களிப்பார். அவர் வேலை செய்வதாக யாரும் எழுதியதாக நினைவில்லை. விஸார்ட்ரியின் ஏழாவது ஆள் உண்மையிலேயே உற்பத்தி செய்கிறார். முதுகு வலிக்க உற்பத்தி செய்கிறார். ஆனால் அவர் வரைவது ஏற்கெனவே வேறொருவர் தீர்மானித்துவிட்ட சுவர்களை. இதை விடுதலை என்பதா, கூலியில்லாத உழைப்பு என்பதா? இரண்டுமில்லை என்றுதான் படுகிறது. ஏனென்றால் ஆசிரியர் இங்கே இறக்கவில்லை. அவர் வாசகரின் வரைபடத்தைக் குறிவைத்துத் தாக்கிக்கொண்டே இருக்கிறார்.

எப்படித் தாக்குகிறார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சில கட்டங்களில் கால் வைத்தால் தரை சுழலும். நீங்கள் வடக்கே போய்க்கொண்டிருப்பதாக நினைப்பீர்கள், உண்மையில் மேற்கே. சில கட்டங்கள் ஒரு சத்தமும் இல்லாமல் உங்களை வேறு மூலைக்குத் தூக்கிப் போட்டுவிடும். முன்னால் தெரியும் தாழ்வாரம் அதே தாழ்வாரம் போலவே இருக்கும். சில பகுதிகள் முழு இருட்டு. விளக்கு மந்திரமும் அணைந்துபோகும், சுவரில் முட்டி முட்டித்தான் சுவரைக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட நுட்பமானது தளத்தின் விளிம்பு. கிழக்கே இருபதாவது கட்டத்தைத் தாண்டினால் மேற்கே முதல் கட்டத்தில் இருப்பீர்கள். உலகம் தட்டை என்று நினைத்துத் தாளின் ஓரத்தில் நின்றவன், நோட்டின் மறு ஓரத்தில் தன் பழைய கோடுகளின் மேலேயே நடந்துகொண்டிருப்பதை மெதுவாக உணர்வான். எனக்கு இது புரிய ஒரு வாரம் ஆனது. அதுவரை இல்லாத பதினைந்து கட்டங்களை நான் சிரத்தையாக வரைந்து வைத்திருந்தேன். ஒரு தத்துவப் புத்தகமும் என்னை இப்படி அவமானப்படுத்தியதில்லை.

நிற்குமிடத்தைச் சொல்ல 'டூமாபிக்' என்றொரு மந்திரம் உண்டு. ஏணியிலிருந்து கிழக்கே இத்தனை, வடக்கே இத்தனை, கீழே இத்தனை என்று எண் தரும். அதைச் செலவழித்துவிட்டால் தாக்குதலுக்கான மந்திரம் ஒன்று குறைந்துபோகும். 'நான் எங்கே நிற்கிறேன்' என்ற கேள்விக்குப் பதில் இலவசமில்லை. இன்றைய ஆட்டங்களில் மூலையில் ஒரு வட்டம் ஒளிர்ந்தபடி அந்தப் பதிலை ஓயாமல் ஊட்டிக்கொண்டிருக்கிறது. கேள்வியே எழுவதில்லை.

சாவைப் பற்றிச் சொல்லாமல் விஸார்ட்ரியைப் பற்றிப் பேச முடியாது. ஆறு பேரும் கீழே செத்துவிட்டால் எந்திரம் அதை உடனே ஃப்ளாப்பியில் எழுதிவிடும். பழைய நிலைக்குத் திரும்பும் வழி ஆட்டத்துக்குள் இல்லை. (ஆட்டத்துக்கு வெளியே இருந்தது. எழுதுவதற்குள் ஃப்ளாப்பியை உருவிவிடுவார்களாம். இல்லையென்றால் நகல் எடுத்து வைத்துக்கொள்வார்களாம். விதியை ஏமாற்றுவதற்கு எல்லாச் சமயங்களிலும் வழி இருக்கிறது.) ஒருவர் செத்தால் ஊருக்குத் தூக்கிவந்து கோயிலில் காசு கட்டலாம். சடங்கு பலிக்காவிட்டால் உடல் சாம்பலாகும். சாம்பலுக்கும் காசு கட்டலாம். அதுவும் தோற்றால் ஆள் ஒரேயடியாக இல்லை. காசு திரும்பக் கிடைக்காது. ஆறு பேரும் கீழேயே செத்தால் உடல்கள் செத்த இடத்திலேயே கிடக்கும். புதிதாக ஆறு பேரைச் சேர்த்து, அனுபவமில்லாத அவர்களைக் கீழே அனுப்பி, பிணங்களைத் தேடித் தூக்கிவர வேண்டும். அப்போது இந்த இரண்டாம் அணியின் கையில் இருப்பது என்ன? செத்தவர்கள் நடந்து நடந்து உண்டான வரைபடம். அதில் கடைசிக் கோடு எங்கே நிற்கிறதோ அங்கேதான் அவர்கள் கிடக்கிறார்கள். என் முதல் அணி இரண்டாம் தளத்தில் செத்தபோது நோட்டில் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தேன். ஆட்டத்துக்காகத்தான். ஆனாலும் கொஞ்ச நேரம் பக்கத்தைத் திருப்ப மனம் வரவில்லை.

இவ்வளவும் ஏழாவது ஆளின் பெருமை. இனி அந்த 'நாங்கள்' யார் என்று பார்க்க வேண்டும். இங்கே என் குரல் மாறும்.

ஆட்களை உருவாக்கும்போது முதலில் இனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மனிதர், எல்ஃப், குள்ளர், நோம், ஹாபிட் என்று ஐந்து. பிறந்த இனத்துக்கேற்ப எண்கள் ஒட்டிக்கொள்ளும். குள்ளருக்கு உடல்பலம் 10, ஹாபிட்டுக்கு 5. எல்ஃபுக்கு அறிவு 10, குள்ளருக்கு 7. ஹாபிட்டுக்கு அதிர்ஷ்டம் மட்டும் 15. பிறப்புக்கு ஒரு பட்டியல், பட்டியலில் அறிவுக்கு ஒரு எண் என்றதும் இந்த நாட்டில் பிறந்த வாசகருக்கு என்ன நினைவு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரே போடாகப் போட்டுவிடவும் முடியாது. பிறப்பு தரும் எண்களுக்கு மேல் தாயக்கட்டை விழுவதைப்போலக் கூடுதல் புள்ளிகள் கிடைக்கும். அவற்றைப் பங்கிட்டுக் கொடுத்தால் எந்த இனத்தவரும் எந்தத் தொழிலுக்கும் போகலாம், இடையில் தொழிலை மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். பிறப்பு தொழிலைத் தீர்மானிப்பதில்லை. கதவை அடைப்பது வேறொன்று: நல்லவர், நடுநிலை, தீயவர் என்ற முத்திரை. திருடர் தொழிலுக்கு நல்லவர் போக முடியாது, நிஞ்ஜாவாகத் தீயவரால் மட்டுமே முடியும். நல்லவரும் தீயவரும் விடுதியில் ஒரே அணியில் சேர முடியாது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஆணா பெண்ணா என்ற கேள்வியே இந்த ஆட்டத்தில் கிடையாது. பெயர் மட்டும்தான். அக்கறையால் விட்டதல்ல, அந்த நினைப்பே வராததால் விட்டது என்றுதான் ஊகிக்கிறேன். ஆனாலும் காலியாக விடப்பட்ட அந்த இடம் நிரப்பி வைத்த பல இடங்களைவிட மேல்.

எதிரே வருகிறவர்களுக்கு வருவோம். இந்த ஒரு இடத்துக்காகவே இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன். முதல் தளத்தில் எதிரே ஒரு கூட்டம் தோன்றும்போது எந்திரம் அதற்கு உடனே பெயர் சொல்வதில்லை. மங்கலாகத்தான் சொல்லும். 'சிறிய மனித உருவம்' என்று. சற்று நேரத்தில் அடையாளம் தெளிந்ததும் அந்த வரி மாறும். மனித உருவம் என்ற சொல் மறைந்து அந்த இடத்தில் 'ஓர்க்' என்றோ 'கோபோல்ட்' என்றோ வந்து உட்காரும். கண்ணுக்கு முதலில் தெரிந்தது மனித உருவம். அறிவு வந்த பிறகு தெரிவது கொல்லத்தக்கது. அறிதல் இங்கே மனித உருவத்தை அழிக்கிறது. அறிவும் அதிகாரமும் ஒன்றையொன்று உற்பத்தி செய்கின்றன என்று ஃபூக்கோவை வைத்து எத்தனை பக்கங்கள் எழுதியிருக்கிறோம்! 1981-ல் இரண்டு மாணவர்கள் ஒரே வரியை மாற்றி எழுதி, தாங்கள் செய்வது இன்னதென்று அறியாமலேயே அதைச் செய்து காட்டிவிட்டார்கள்.

எதிரே வருகிற கூட்டம் சில சமயம் நட்போடு நிற்பதாகவும் எந்திரம் சொல்லும். விட்டுவிட்டுப் போகலாம், இல்லை தாக்கலாம். நட்போடு நிற்பவரைத் தாக்கினால் நல்லவர் தீயவராக மாறக்கூடும். விட்டுவிட்டால் தீயவர் நல்லவராகக்கூடும். ஆக எதிரே நிற்பவர் எதிரியாக இல்லாமலும் இருக்கலாம் என்ற நினைப்பு எந்திரத்துக்கு இருக்கிறது. ஆனால் அவரோடு பேச ஒரு பொத்தான் கிடையாது. 'நாம்' என்று சொல்ல வாய் திறந்து, 'நாங்கள்' என்று முடித்துக்கொள்கிற ஆட்டம் இது.

கொன்றால் கிடைப்பதன் பெயர் 'அனுபவம்'. முதல் தளத்தில் ஒரு அறையில் மர்ஃபியின் பேய் என்றொரு உருப்படி உண்டு. அடிப்பது கடினம், அதனால் பெரிதாகத் தீங்கும் கிடையாது, அனுபவப் புள்ளியோ ஏராளம். அங்கேயே நின்று அதைத் திரும்பத் திரும்பக் கொன்று அணியை வளர்ப்பது ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த உபாயம். நானும் செய்தேன். நாற்பது தடவைக்கு மேல். ஒரே அறையில் ஒரே பேயை நாற்பது தடவை கொன்றதால் எனக்கு நேர்ந்தது எதுவாக இருந்தாலும், அதை அனுபவம் என்று சொல்லத் தமிழில் எனக்கு நா எழவில்லை.

அந்தப் பைத்தியக்கார அதிபதியின் ராஜ்யம் எப்படிப்பட்டது? நான்காம் தளத்தில் 'பூத ஒதுக்கீட்டு மையம்' என்று பெயர்ப்பலகை தொங்கும் ஒரு இடம் வருகிறது. நம் ஊர் அலுவலகம் ஒன்றின் பலகை போலவே. அங்கே காவலாக நிற்பவர்களை வென்ற பிறகு ட்ரெபோரின் செய்தி கேட்கிறது: இதுவரை நடந்தது பரீட்சை, நீங்கள் தேறிவிட்டீர்கள், இனிதான் உண்மையான வேலை. நாம் பயந்து பயந்து கடந்த நான்கு தளங்களும் ஆள் எடுப்பதற்காக அதிபதி நடத்திய பயிற்சிக்களம். நீல நாடா ஒன்று பரிசாகக் கிடைக்கும். அதைக் கொண்டு மின்தூக்கியில் ஏறி ஒன்பதாம் தளத்துக்கே நேராகப் போய்விடலாம். இடையில் உள்ள தளங்கள் கதைக்குத் தேவையே இல்லை. கடைசியில் வெர்ட்னாவைக் கொன்று தாயத்தோடு திரும்பினால் என்ன கிடைக்கும்? அதிபதியின் காவல்படையில் வேலை. பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி. அவ்வளவுதான். யாரும் விடுதலையாகவில்லை, எந்த ஊரும் காப்பாற்றப்படவில்லை. பைத்தியக்கார அதிபதி பைத்தியக்கார அதிபதியாகவே நீடிக்கிறான், கையில் தாயத்தோடு. வீரகதை என்று நம்பிப் படித்த பிரதி கடைசிப் பக்கத்தில் ஆட்சேர்ப்பு விண்ணப்பமாக மாறுகிறது. இது கேலியாக எழுதப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கேலி எல்லா இடத்துக்கும் பயணம் செய்யாது என்பதும் இந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. இதிலுள்ள ஒரு வாளின் பெயர் அமெரிக்கச் சமையலறைகளில் காய் நறுக்கும் எந்திரம் ஒன்றின் பெயரை வைத்த நக்கல். ஜப்பானில் அது அப்படிப் போய்ச் சேரவில்லை. ஏதோ பெரும் கொல்லன் அடித்த புகழ்பெற்ற வாள் என்று பக்தியோடு வாசித்தார்கள். நகைச்சுவை உதிர்ந்து, கனமான, இருண்ட, மரியாதைக்குரிய ஒரு காவியமாக விஸார்ட்ரி அங்கே மறுபிறவி எடுத்தது. 1986-ல் வந்த 'டிராகன் குவெஸ்ட்' தொடங்கி அங்கே உருவான ஒரு பெரிய ஆட்ட மரபே இதற்குக் கடன்பட்டிருக்கிறது. தவறான வாசிப்பு என்று இதை ஒதுக்குவது சுலபம். மிக்சியின் பெயரில் ஒரு வாளைக் கண்டவர்கள்தான் அந்தப் பிரதியை நாற்பது வருஷம் உயிரோடு வைத்திருந்தார்கள்.

1987-ல் ஒரு விபரீதம் நடந்தது. ரோ ஆடம்ஸ் முன்னின்று வடிவமைத்த நான்காவது விஸார்ட்ரி, 'வெர்ட்னாவின் திரும்பி வரவு'. இதில் நீங்கள்தான் வெர்ட்னா. அடித்தளத்தில், தோற்று, சக்தியெல்லாம் பறிபோய்க் கண்விழிக்கிறீர்கள். கீழிருந்து மேலே ஏற வேண்டும். முன்பு கொன்று குவித்த ஜீவராசிகளை இப்போது துணைக்கு அழைக்கிறீர்கள். எதிரே யார் வருகிறார்கள்? வீரர்கள். ஆறு ஆறு பேராக, நல்லவர்கள், காவலுக்கு. சர்-டெக்குக்கு ஆட்டக்காரர்கள் அனுப்பியிருந்த ஃப்ளாப்பிகளில் இருந்த உண்மையான அணிகளிலிருந்தே இந்த வீரர்களை எடுத்தார்கள் என்பது இதில் பெரிய சங்கதி. யாரோ ஒருவர் மாதக்கணக்கில் வளர்த்து, பெயர் சூட்டி, பெருமைப்பட்ட 'நாங்கள்' இங்கே இருட்டிலிருந்து என்னைக் கொல்ல வருகிற 'அவர்கள்' ஆகிவிட்டது. அவர்களோ பேசுவதில்லை. வந்ததும் அடிக்கிறார்கள். முதல் ஆட்டத்தில் நாம் எப்படித் தெரிந்திருப்போம் என்பது இப்போதுதான் தெரிகிறது.

மற்றமையைப் பற்றி எழுதுகிற நமக்கு இது விருந்துதான். ஆனால் விருந்தை அளவோடு சாப்பிட வேண்டும். இந்த ஆட்டம் மன்னிக்க முடியாத அளவுக்குக் கடினம். முதல் அறையிலிருந்து வெளியே வருவதற்கே வழி தெரியாது. கதவு கண்ணுக்குத் தெரியாது, வெளிச்சம் தரக்கூடிய துணையை அழைத்தால்தான் தெரியும். ட்ரெபோரின் ஆவி வேறு துரத்திக்கொண்டே இருக்கும். முந்தைய ஆட்டங்களில் கரைகண்டவர்களுக்கு மட்டும் என்று செய்த பொருள் வியாபாரத்திலும் தோற்றது. எதிராளியின் இடத்தில் நின்று பார்க்கும் ஒரே வாய்ப்பு, விற்பன்னர்களுக்கு மட்டும் திறக்கிற கதவுக்குப் பின்னால் வைக்கப்பட்டது. நம் கோட்பாட்டு எழுத்துக்கும் இது நேர்ந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்கிறேன். நானும் நான்காம் விஸார்ட்ரியை முடிக்கவில்லை. மூன்றாவது தளமேறியதோடு நின்றேன்.

அதே 1987-ல் எஃப்டிஎல் நிறுவனம் அட்டாரி எஸ்டி கணினிக்குக் கொண்டுவந்தது 'டஞ்சன் மாஸ்டர்'. இதில் நேரம் நிற்காது. நீங்கள் யோசிக்கும்போதே எதிரே இருப்பது நெருங்கி வரும். பந்தம் எரிந்து தீரும், பசிக்கும், தாகமெடுக்கும். அனுபவத்தைக் கொலைக் கணக்கில் வாங்குவதும் குறைந்தது. எதைச் செய்கிறாயோ அதில் தேறுவாய். வாள் வீசினால் வாள், மந்திரம் சொன்னால் மந்திரம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஏழாவது ஆளை இந்த ஆட்டம் கதைக்குள் இழுத்துவிட்டது. சாம்பல் பிரபுவின் சீடன் தெரான், உடலை இழந்தவன். கையால் எதையும் தொட முடியாது. முன்பே இறங்கிச் செத்துப்போன 24 பேர் கண்ணாடிகளுக்குள் அடைபட்டிருக்கிறார்கள்; அவர்களில் நான்கு பேரை எழுப்பி அவர்கள் வழியாக நடக்க வேண்டும். மேசையருகே உட்கார்ந்திருக்கும் நம்முடைய நிலைமைக்கு இதைவிடத் துல்லியமான உருவகம் கிடையாது. எழுப்புவதில் இரண்டு வகை. அப்படியே உயிர்ப்பித்தால் அவர்கள் தங்கள் பெயரோடும் கற்ற வித்தையோடும் வருவார்கள். மறுபிறவி கொடுத்தால் உடலுக்குக் கூடுதல் வலு, ஆனால் பழைய பெயரும் வித்தையும் அழிந்துபோகும்; நீங்கள் பெயர் வைக்கலாம். வலுவா, வரலாறா? ஆடுகிறவர்கள் இதைக் கணக்காகத்தான் பார்த்தார்கள். பிறர் நினைவைத் துடைத்துவிட்டு அந்த உடலுக்குத் தன் பெயரை வைப்பது கணக்காக எப்படிச் சுருங்கும் என்று எனக்குத் தெரியவில்லை. இந்த ஆட்டம் பாதாளத்தில் இருப்பவனை ஒழித்துக்கட்டுவதோடு முடிவதுமில்லை. சாம்பல் பிரபு பிளந்துபோய்த்தான் ஒழுங்கும் குழப்பமுமாக இரண்டு பிரபுக்கள் ஆனார்கள். மந்திரக்கோலை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டால் அது உண்மையான முடிவல்ல. கீழேயே இருந்து இரண்டையும் ஒன்றாக உருக்க வேண்டும்.

1992-ல் 'அல்டிமா அண்டர்வேர்ல்ட்'. கட்டம் கட்டமாக நகர்வது போய் எந்தப் பக்கமும் வழுக்கிக்கொண்டு போகலாம், அண்ணாந்து பார்க்கலாம், குதிக்கலாம். நுட்பத்தைப் பற்றிப் பிறர் நிறையவே எழுதியிருக்கிறார்கள். இலக்கணத்துக்கு வருவோம். 'நாங்கள்' இதில் 'நான்' ஆகிவிட்டது. ஒரே ஆள், செய்யாத குற்றத்துக்காகக் கீழே தள்ளப்பட்டவன். வரைபடத்தை எந்திரமே வரைகிறது. என் வாதப்படி இது வீழ்ச்சியாக அல்லவா இருக்க வேண்டும்? அப்படி இல்லை. அந்த வரைபடத்தின் மேல் நம் குறிப்பை எழுத இடம் கொடுக்கிறார்கள். அதைவிட, எதிரே வருகிறவர்கள் வாய் திறந்து பேசுகிறார்கள். பச்சை கோப்லின்களுக்கும் சாம்பல் கோப்லின்களுக்கும் பகை இருக்கிறது, பகைக்குக் காரணங்கள் இருக்கின்றன; பேரம் பேசலாம், கேட்கலாம். பல்லிமனிதர்களுக்கோ தனி மொழி. அவர்கள் சொல்வது புரியாது. புரியாததால் அவர்கள் மிருகம் ஆகிவிடுவதில்லை. நாம்தான் சொல் சொல்லாகக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் பாதாளமே, கபீரஸ் என்பவன் எல்லா இனத்தாரும் சேர்ந்து வாழ்வதற்காக அமைத்த குடியேற்றத்தின் இடிபாடு. அவன் செத்ததும் சிதறிப்போனது. தோற்றுப்போன சமத்துவக் கனவு ஒன்றின் எலும்புகளுக்கு நடுவே நாம் நடந்துகொண்டிருக்கிறோம். ஒற்றை ஆளாக உள்ளே போகிறவனுக்கு 'நாம்' என்று சொல்லும் வாய்ப்பு இருக்கிறது. ஆறு பேராகப் போனவர்களுக்கு இருக்கவில்லை. ஏன் என்று நெடுநாள் யோசித்தேன். தனியாக இருப்பவனுக்கு எதிரே நிற்பவர் தேவைப்படுகிறார் என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை.

அதற்குப் பின் வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 2007-ல் ஜப்பானின் அட்லஸ் நிறுவனம் 'எட்ரியன் ஒடிசி'யில் நின்டென்டோ டிஎஸ் கருவியின் கீழ்த்திரையையே கட்டத்தாளாக்கி, வரைவதை ஆடுகிறவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தது. 2012-ல் பின்லாந்திலிருந்து வந்த 'லெஜண்ட் ஆஃப் கிரிம்ராக்', வரைபடம் வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ள ஒரு வசதி வைத்தது. 2024-ல் டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் முதல் விஸார்ட்ரியைப் புதிய உருவத்தில் வெளியிட்டது. அடியில் ஓடுவது பழைய நிரலே. விரும்பினால் ஆப்பிள் 2 திரையை ஓரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே ஆடலாம். இசைக்கு இடமே இல்லாதிருந்த அந்த ஆட்டத்தின் புதிய வடிவத்துக்கு 2025-ல் கிராமி விருது கிடைத்தது, இசைக்காக. கிரீன்பெர்க் 2024-லேயே இறந்துவிட்டார். திருப்பிப் போட்ட பெயர் மட்டும் பத்தாம் தளத்தில் இருக்கிறது, இன்னும் கொல்லப்பட்டுக்கொண்டு.

இவற்றில் எனக்கு ஒரு மனக்குறை. வரைபடத்தின் உழைப்பைத் திருப்பித் தந்தவர்கள் அதைச் சுவையாகத் திருப்பித் தந்தார்கள். வேண்டுமானால் போட்டுக்கொள், வேண்டாமென்றால் அணைத்துவிடு என்கிற தெரிவாக. 1981-ல் வழி தவறுவது தெரிவு அல்ல. இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைப் பழமையேக்கம் பார்க்க மறுக்கிறது. அது இன்னொன்றையும் பார்க்க மறுக்கிறது. வரைபடத்தைச் சந்தேகிக்க அவ்வளவு நுட்பமாகக் கற்றுக்கொடுத்த அந்த ஆட்டம், உள்ளே போகும் உரிமையை ஒரு கட்டத்தில்கூடச் சந்தேகிக்கவில்லை. தரை சுழலும், ஆனால் 'நாங்கள்' சுழலாது. அதைச் சுழற்றிப் பார்த்தவர்களுக்கு ஆட்டம் விற்கவில்லை.

கேள்வி கேட்ட தோழர் போன மாதம் வீட்டுக்கு வந்தார். மேசைமேல் கிடந்த கிராஃப் நோட்டைப் புரட்டினார். புலப்படங்களோடு வாழ்கிறவர், கோடுகளைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. 'இது என்ன புள்ளி?' என்றார். முதல் அணி செத்த இடம் என்றேன். 'இந்தச் சின்னச் சின்னக் கட்டமெல்லாம்?' அறைகள் என்றேன். உள்ளே ஏதாவது இருக்கும், ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி இறங்கினால் மறுபடி இருக்கும் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 'ஒவ்வொரு தடவையும் கதவ ஒடச்சுட்டுப் போறது நீங்க. உள்ள இருக்கறது அவங்க. அப்ப இது வீடுதான தோழர்? அறைன்னு ஏன் எழுதி வச்சிருக்கீங்க?' என்று கேட்டுவிட்டு, பென்சிலை எடுத்து இரண்டாம் தளத்தின் வடகிழக்கு மூலையிலிருந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் கதவு எண் போட ஆரம்பித்தார். பதினேழு வரை போட்டார். இரண்டாம் அணியை நான் இன்னும் கீழே அனுப்பவில்லை.